தோட்டத்துக் கோயில் திருவிழாவை நேரலையில் காட்டுவது எப்படி: கேமரா முதல் என்கோடிங் வரை

கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்ட ஆசைப்படும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணே, என்ன கேமரா வாங்கலாம்?" என்பதுதான். கேமரா அப்புறம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் (எஸ்டேட்டில்) தீமிதி என்றால், அதே லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்து இப்போது கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறவர்கள், லீவு கிடைக்காமல் போனவர்கள், மூட்டுவலியால் கோயில் வரை நடக்க முடியாத பாட்டி, இவர்கள்தான் பார்ப்பார்கள். அதுவும் பெரும்பாலும் போனில், பாதிப் பேர் மொபைல் டேட்டாவில். படம் நிற்காமல் ஓட வேண்டும், சத்தம் தெளிவாக இருக்க வேண்டும், அம்மன் முகம் தெரிய வேண்டும். அவர்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். நடுவில் நின்று நின்று சுற்றும் 1080பி-யை (படத்தின் கூர்மையைச் சொல்லும் எண், 720பி அதைவிடக் குறைவு) விட ஒரு தடவையும் நிற்காத 720பி எவ்வளவோ மேல். அந்த 720பி-யை அழகாகக் காட்டும் வேலையில் பெரும்பகுதி சாஃப்ட்வேரில் இல்லை, கேமராவுக்கு முன்னால் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் லைனை அளந்து பாருங்கள்

நேரலைக்கு வேண்டியது அப்லோடு வேகம். டவுன்லோடு எத்தனை வந்தாலும் இந்த வேலைக்கு அது கணக்கில்லை. கேமரா வைக்கப்போகும் அதே இடத்தில், பூஜை நடக்கும் அதே நேரத்தில், அதாவது இரவு ஏழு எட்டு மணிக்குப் போய் வேகச் சோதனை செய்யுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்து திரும்பத் திரும்ப எடுத்து, வந்த எண்களில் ஆகக் குறைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் உங்கள் பிட்ரேட், அதாவது நொடிக்கு நீங்கள் அனுப்பும் டேட்டா அளவு. 6 மெகாபிட் வந்தால் 3, ஐந்து வந்தால் இரண்டரை. பாதி எதற்கு என்றால், திருவிழா அன்று ஆயிரம் பேர் வந்து ஆளுக்கொரு போனை எடுத்து அதே டவரில் படம் அனுப்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அளந்த அன்று அவர்கள் யாரும் அங்கே இல்லை.

மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே 4ஜி சிக்னல் விட்டுப்போனால் நேராக 2ஜி-க்குத்தான் விழும், அதில் படம் போகாது. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்கு நடுவில் இருக்கும் கோயிலில் இந்தத் தொல்லை நிஜமாகவே உண்டு. ஈர இலை சிக்னலைக் குடிக்கும், மழை பெய்து ஓய்ந்த மாலையில் இன்னும் மோசம். மோடத்தையோ ஹாட்ஸ்பாட் போனையோ மேஜை மேல் வைக்காமல் பந்தல் கம்பத்தில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில், மழை படாத பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிவிடுங்கள். இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் கையில் இருக்கட்டும். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் வைஃபையை நம்பாமல் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். இருப்பதிலேயே நம்பகமான வழி இதுதான், கேபிள் விலையும் அதிகமில்லை.

டேட்டா கணக்கையும் பார்த்துவிடுங்கள். படத்துக்கு 2.5 மெகாபிட்டும் சத்தத்துக்கு 128 கிலோபிட்டும் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.2 ஜிபி. நான்கு மணி நேரத் திருவிழாவுக்கு 5 ஜிபி. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருக்கும் பிளானிலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு இருக்கலாம், அதைத் தேடிப் படியுங்கள்.

என்கோடர் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

720பி படம் ஒன்றில் 1280 பெருக்கல் 720, அதாவது 921,600 புள்ளிகள். நொடிக்கு 25 படம் என்று வைத்து, அமுக்காமல் அப்படியே அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 276 மெகாபிட் ஆகும். நாம் அனுப்பப்போவது இரண்டரை. நூற்றுப்பத்தில் ஒரு பங்கு! இது எப்படி முடிகிறது என்றால், என்கோடர் (படத்தை அமுக்கிச் சின்னதாக்கும் பகுதி) ஒரு முழுப்படத்தை அனுப்பிவிட்டு (இதற்குப் பெயர் கீபிரேம்) அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ, எது எங்கே நகர்ந்ததோ அதை மட்டும் அனுப்புகிறது. அசையாத சுவருக்கு அநேகமாகச் செலவே இல்லை. அசைகிற எல்லாவற்றுக்கும் செலவு.

நேரலையில் பிட்ரேட் ஒரே அளவாகப் போகும் என்பதால் இது அன்னதானத்து அண்டா மாதிரி: சோறு அவ்வளவுதான், பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்கு ஒரு கரண்டி குறையும். அப்படியானால் பந்தியில் யாரை உட்கார வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பின்னணியில் காற்றில் ஆடும் செம்பனை ஓலை ஒவ்வொன்றும் பிட் கேட்கும், ஓடி ஓடி எரியும் சீரியல் பல்பு கேட்கும், கையில் பிடித்த போனின் நடுக்கம் முழுப்படத்தையே அசைத்துவிடுவதால் எல்லாமே கேட்கும், இருட்டில் எடுத்த படத்தில் எறும்பு ஊர்வது போலத் தெரியும் புள்ளிகள் நொடிக்கு நொடி மாறுவதால் எல்லாவற்றையும் விட அதிகமாகக் கேட்கும்.

உருமி மேளக் குழு உள்ளே நுழையும் நேரத்தில் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பிராணிப் புகை திரையை நிறைக்கிறது, பூ வீசுகிறார்கள், பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். சிவப்புச் சேலையின் மடிப்பெல்லாம் மறைந்து தட்டையான ஒரே சிவப்பாகிறது. இருண்ட மூலைகளில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் எழும்புகின்றன. முகங்கள் மெழுகு பூசியது போல ஆகி, ஆட்டம் சற்று ஓய்ந்ததும் திரும்பத் தெளிகின்றன. கேமரா கெட்டுப்போகவில்லை. பிட் பற்றவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பின்னணி அசையாமல் இருந்தால், வெளிச்சம் நன்றாக இருந்தால், இருக்கிற பிட் எல்லாம் ஆடுகிறவர்களுக்குப் போய்ச் சேரும்.

கேமராவும் வெளிச்சமும்

ஆகவே முதல் செலவு டிரைபாட். நல்ல கனமான டிரைபாட். அதை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கோயில் சுவரோ பந்தல் துணியோ பின்னணியாக வரும்படி வையுங்கள், தோட்டத்தைப் பார்த்த மாதிரி வைக்காதீர்கள். சும்மா சும்மா ஜூம் செய்வதும் இடமும் வலமும் திருப்புவதும் வேண்டாம். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு விலை உயர்ந்த கேமராவை விட, ஒன்று கருவறையைப் பார்த்தும் ஒன்று வாசலைப் பார்த்தும் அசையாமல் நிற்கும் இரண்டு சாதாரண போன்கள் நல்ல படம் தரும்.

அடுத்தது விளக்கு. இரண்டு எல்இடி ஃப்ளட் லைட்டை பந்தலின் வெள்ளைத் துணி மேல் படும்படி திருப்பினால் வெளிச்சம் கீழே மெதுவாகப் பரவும், யார் கண்ணையும் கூசாது, கேமராவும் இருட்டுக்காக ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை) ஏற்றிப் புள்ளிகளை உண்டாக்காது. கேமராவை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப் லைட்டும் மலிவான பல்புகளும் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் பூட்டிவிட்டால் அந்த மினுக்கல் படத்தில் தெரியாது. ஆட்டோவில் விட்டால் சில நேரம் 1/60 போன்ற ஓர் அளவுக்குப் போய், படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும். பார்க்கிறவர்களுக்குத் தலைவலி, என்கோடருக்கும் வெட்டிச் செலவு. போனோடு வரும் கேமரா ஆப்பில் ஷட்டரைத் தொட முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் இருக்கிறது, ஐபோனுக்கும் பல ஆண்ட்ராய்டு போன்களுக்கும் கிடைக்கும், அதில் நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 என்று கையாலேயே வைத்துக்கொள்ளலாம். எச்டிஆர்-ஐ (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் வசதி) அணைத்துவிடுங்கள், சில திரைகளில் அது வெளுத்துப்போய்த் தெரிகிறது.

இப்போது மிக முக்கியமான நொடி: தீபாராதனை. விளக்கை அணைப்பார்கள், திரை விலகும், கற்பூரத் தட்டு மேலே போகும். எல்லாரும் இதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோவில் இருக்கும் போன் அந்தச் சுடரைப் பார்த்ததும் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். கருங்கல் அம்மன் முகம் கறுத்துப்போய் வெள்ளிக் கவசத்தின் விளிம்பு மட்டும் பளபளக்கும், தட்டு கீழே இறங்கியதும் படம் குப்பென்று வெளுக்கும், போகஸும் முன்னுக்கும் பின்னுக்கும் தடுமாறும். இதைத் தவிர்க்க, திரை போடுவதற்கு முன்பே அம்மன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டிவிடுங்கள். அதன் பிறகு வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள். சுடர் கொஞ்சம் வெளுத்துப்போனால் பரவாயில்லை. முகம் நிற்க வேண்டும். இதற்காகப் பூசாரி ஐயாவிடம் முன்கூட்டியே பேசி, கருவறைக்குள் ஒரு சின்ன விளக்கையாவது அணைக்காமல் விடச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எச்டிஎம்ஐ வழியாகப் பெரிய கேமராவை லேப்டாப்போடு இணைக்கிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். திரையில் இருக்கும் பேட்டரிப் படம், போகஸ் கட்டம் எல்லாம் எச்டிஎம்ஐ-யிலும் சேர்ந்து வருகிறதா, வந்தால் மெனுவில் அணைக்க முடிகிறதா என்பது ஒன்று. அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிற கேமராவா என்பது இன்னொன்று.

சத்தம்

படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் உடனே மூடிவிடுவார்கள். போனின் சொந்த மைக்கை நம்பாதீர்கள், உருமியின் முதல் அடியிலேயே அது திணறி, தானாகச் சத்தத்தைக் குறைத்து, அடுத்து வரும் மந்திரத்தைக் கேட்க முடியாமல் செய்துவிடும். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் ரெக்கார்ட் அவுட் அல்லது ஆக்ஸ் அவுட் இருக்கும், அதிலிருந்து ஒரு கேபிள் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் முதல் நாளே போய்ப் பேசுங்கள், பூஜை நேரத்தில் போய்க் கேட்டால் அவருக்கும் தொல்லை உங்களுக்கும் தொல்லை. ஆனால் மிக்சரில் மைக் வைத்தவை மட்டும்தான் வரும். நாதஸ்வரம், தவில், உருமி, கூட்டத்தின் ஓசை எல்லாம் அதில் இருக்காது. அதற்குக் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக்கைத் தனியாக வைத்து இரண்டையும் கலந்தால்தான் கோயிலில் நிற்பது போல இருக்கும்.

மிக்சர் சத்தம் லைன் அளவில் வரும், மைக் சாக்கெட்டில் நேராகச் செருகினால் உடைந்து கேட்கும். சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கி லைன் இன்னில் கொடுங்கள். சார்ஜரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தால் அது எர்த் பிரச்சினை. கேபிள் நடுவில் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். அளவு வைக்கும்போது மேளம் உச்சத்தில் அடிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி வையுங்கள். சாம்பிள் ரேட் எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ்.

கேப்சர் கார்டு (கேமராவின் எச்டிஎம்ஐ படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக வரும் படம் சத்தத்தை விடக் கொஞ்சம் தாமதமாக வரும். கேமரா முன் நின்று ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். சத்தம் முந்தினால் ஓபிஎஸ்ஸில் (லேப்டாப்பிலிருந்து நேரலை அனுப்பும் மென்பொருள், கீழே வருகிறது) ஆடியோவின் சின்க் ஆஃப்செட்டில் சில மில்லிநொடிகளைக் கூட்டி, கையும் ஓசையும் சேரும் வரை சரி செய்யுங்கள். தவில் அடியில் இது நன்றாகவே தெரியும்.

ஓபிஎஸ் செட்டிங்

ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். வீடியோ பக்கத்தில் கேன்வாஸும் அவுட்புட்டும் 1280 பெருக்கல் 720, நொடிக்கு 25 படம் (கேமராவும் 25-ல் இருக்கட்டும், கேமரா 30 என்றால் இதையும் 30 ஆக்குங்கள், இரண்டும் வேறு வேறாக இருந்தால் நடை தட்டுத் தடுமாறும்). அவுட்புட் பக்கத்தை அட்வான்ஸ்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என்கோடர் எச்.264. இது 2003-ல் வந்தது, பாட்டியின் பழைய போனிலும் ஓடும். 2013-ல் வந்த எச்.265-ம் 2018-ல் வந்த ஏவி1-ம் அதே தரத்தைக் குறைந்த பிட்டில் தரும், ஆனால் கணினிக்குச் சுமை அதிகம், நம் வேலைக்கு எச்.264 போதும். என்விடியா கார்டு இருந்தால் என்விஎன்க், இன்டெல் லேப்டாப் என்றால் குவிக்சின்க் தேர்ந்தெடுங்கள்; இரண்டும் இல்லாவிட்டால் எக்ஸ்264, பிரீசெட் (என்கோடரின் வேக அளவு) வெரிஃபாஸ்ட். ரேட் கன்ட்ரோல் சிபிஆர், அதாவது பிட்ரேட் ஒரே அளவாகப் போகும். பிட்ரேட் நீங்கள் அளந்ததில் பாதி, 720பி-க்கு 2500 முதல் 3000 கிலோபிட் வரை நன்றாக இருக்கும். கீபிரேம் இடைவெளி 2 நொடி, 'ஆட்டோ' என்று விடாதீர்கள். யூடியூபும் பேஸ்புக்கும் படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டித்தான் பார்ப்பவருக்கு அனுப்புகின்றன, ஒவ்வொரு துண்டும் கீபிரேமில்தான் தொடங்க முடியும், அது ஒழுங்காக வராவிட்டால் பார்ப்பவரின் பக்கம் திக்கும். ஆடியோ ஏஏசி, 128.

அட்வான்ஸ்டு பக்கத்தில் நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். தானாக மீண்டும் இணையும் தேர்வும் போட்டிருக்கட்டும். யூடியூப் பக்கத்தில் லேட்டன்சியை நார்மலில் வையுங்கள். அரை நிமிடம் தள்ளித் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்த அரை நிமிடம்தான் லைன் தடுமாறும்போது படத்தை நிற்காமல் காப்பாற்றும்.

யூடியூபில் சேனலை போன் எண் வைத்து உறுதிப்படுத்த வேண்டும், முதல் தடவை நேரலையைத் திறந்துவிட 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே திருவிழா அன்று காலையில் போய்த் தொடங்காதீர்கள். போன் ஆப்பிலிருந்து நேராக லைவ் போக 50 சந்தாதாரர்கள் வேண்டும். ஓபிஎஸ் வழியாகப் போனால் அந்த நிபந்தனை இல்லை. 2025 ஜூலையிலிருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக லைவ் போக முடியாது, அதனால் சேனலைப் பெரியவர் ஒருவர் பெயரில் வையுங்கள். ஸ்ட்ரீம் கீயை கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள், அதை வைத்திருக்கிற யாரும் உங்கள் சேனலில் படம் ஓட்டலாம்.

அன்றைக்கு

கரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். விளக்கும் ஒலிபெருக்கியும் ஓடும் ஜெனரேட்டர் லைனிலேயே உங்கள் மோடத்தையும் செருகினால், யாரோ ஒருவர் பெரிய விளக்கைப் போடும்போது மோடம் ஒரு தடவை அணைந்து எரியும், நேரலை போச்சு. சின்ன யூபிஎஸ் ஒன்று மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் போதும். வெயிலில் தேர் ஊர்வலம் காட்டுகிறவர்கள் போன் உறையைக் கழற்றிவிட்டுக் குடை பிடியுங்கள், சூடேறினால் போன் திரையை மங்கவைத்து, பிறகு கேமராவையே மூடிவிடும். சாயங்காலம் நம் ஊரில் இடி மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை, தார்ப்பாயும் பிளாஸ்டிக் பையும் மேஜைக்கு அடியிலேயே இருக்கட்டும்.

ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்து ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் மூன்று எண்கள் உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. நெட்வொர்க்கில் விழுந்த பிரேம்கள் ஏறினால் லைன் பற்றவில்லை, பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங்கில் தவறிய பிரேம்கள் ஏறினால் கணினி திணறுகிறது, பிரீசெட்டை இன்னும் வேகமானதாக்குங்கள். ரெண்டரிங்கில் தவறியது ஏறினால் கிராபிக்ஸ் சுமை, தேவையில்லாத அனிமேஷனையும் திறந்து கிடக்கும் பிரவுசரையும் மூடுங்கள். லைன் பிரச்சினைக்கு லேப்டாப்பைத் திட்டியும், லேப்டாப் பிரச்சினைக்கு சிம்மை மாற்றியும் நேரம் போய்விடுகிறது, அதனால்தான் இந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இன்னொருவர், கோயில் வைஃபையில் இல்லாமல் வேறு லைனில், போனில் நேரலையைப் பார்வையாளராகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இடைவேளையில் ஒலிபெருக்கிக்காரர் சினிமாப் பாட்டும் சினிமா பக்திப் பாட்டும் போடுவார். அவை காப்புரிமை உள்ள பாட்டுகள், யூடியூப் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும், நேரலையையே நிறுத்தவும் செய்யும். இடைவேளையில் கூட்டத்து மைக்கையும் மிக்சரையும் மூட ஒரு ஹாட்கீ வைத்துக்கொண்டு 'பூஜை 8.30-க்குத் தொடரும்' என்று ஒரு படத்தைப் போட்டுவிடுங்கள்.

அருள் வந்து ஆடுகிறவர்களின் முகத்துக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். ஆற்றங்கரையில் மஞ்சள் நீரில் குளித்து ஈரச் சேலையோடு வரும் பெண்களை, சின்னப் பிள்ளைகளைக் காட்டவே வேண்டாம். அவர்கள் சாமிக்கு முன்னால் நிற்கிறார்கள், உலகத்துக்கு முன்னால் நிற்க யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது. தூரத்திலிருந்து, முதுகுப் பக்கமிருந்து எடுத்தாலே திருவிழாவின் வேகம் தெரியும்.

முடிந்த பிறகு

நேரலையோடு சேர்த்து ஒரு நல்ல பதிவும் கையில் இருக்க வேண்டும். ஓபிஎஸ்ஸில் பதிவு செய்தால் எம்கேவி வடிவத்தில் செய்யுங்கள். சாதாரண எம்பி4 கோப்பில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காது, எம்கேவி-யில் அதுவரை எழுதியது பிழைக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் என்று கொடுத்தால் சில நிமிடங்களில் எம்பி4 ஆகிவிடும், தரம் துளியும் குறையாது. லேப்டாப்புக்கு இரண்டு வேலையும் சுமை என்றால் கேமரா கார்டிலேயே பதிவாகட்டும். வி30 (எழுதும் வேகத்தைச் சொல்லும் குறி) என்று எழுதிய கார்டு வாங்குங்கள். பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் பார்மேட் செய்யுங்கள், பழைய ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டாது.

தொண்டர்கள் போனில் எடுத்த துண்டுகளை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், 2 ஜிபி வரை அப்படியே வரும். போன் படங்களில் இன்னொரு சங்கடம், பிரேம்ரேட் நிலையாக இருக்காது. எடிட் செய்யும்போது தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்து, இருபது நிமிடம் போனதும் மேளம் அடிக்கும் கையும் சத்தமும் விலகி நிற்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, பிரேம்ரேட் 30, கான்ஸ்டன்ட் என்று வைத்து, ஆர்எஃப் 18-ல் ஒரு தடவை மாற்றி எடுத்துக்கொண்டு அதன் பிறகு எடிட் செய்யுங்கள். அந்த ஆர்எஃப் எண் சின்னதாக இருந்தால் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எண்ணை 6 கூட்டினால் கோப்பு ஏறக்குறைய பாதியாகும். சேமித்து வைக்க 18 முதல் 20, ஊரெல்லாம் பகிர 23 போதும்.

எடிட் செய்த படத்தை யூடியூபில் ஏற்ற, 1080பி 25 அல்லது 30 படத்துக்கு 8 மெகாபிட் என்று அவர்களே சொல்கிறார்கள், 50 அல்லது 60 படத்துக்கு 12. இரவுத் திருவிழாவுக்கு நான் இதைவிட அதிகமாக, 15 முதல் 20 வரை கொடுக்கச் சொல்வேன், ஏனென்றால் அவர்கள் அதை இன்னொரு தடவை அமுக்கத்தான் போகிறார்கள், புகையும் தீயும் ஏற்கெனவே கட்டம் கட்டமாக இருந்தால் அடுத்த சுற்றில் இன்னும் கெடும். நேரமும் லைனும் இருந்தால் 1440பி-யாகப் பெரிதாக்கி ஏற்றிப் பாருங்கள், அந்த அளவுக்கு யூடியூப் விபி9 கோடெக்கை (எச்.264-ஐ விடத் திறமையாகப் படத்தை அமுக்கும் முறை) கொடுக்கும், 1080பி-யாக ஏற்றியதை விடப் புகை, இருட்டு எல்லாம் தெளிவாக நிற்கும். ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற கட்டத்தைக் குறித்துவிட்டால், எம்பி4-ன் கடைசியில் எழுதப்படும் என்று சொன்னேனே, அந்த அட்டவணை கோப்பின் முன்னால் வந்துவிடும்.

பழைய கேசட்டுகள்

பல வீடுகளில் இன்னும் தோட்டத்துத் திருவிழா விஎச்எஸ் கேசட்டிலும் மினிடிவி (சின்ன டிஜிட்டல் கேமரா கேசட்) நாடாவிலும் கிடக்கிறது. அந்தத் தோட்டமே கைமாறி, லயத்தை இடித்துவிட்ட இடங்களும் உண்டு. அவற்றை மாற்றும்போது படம் 720 பெருக்கல் 576, நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகப் பின்னப்பட்டு வரும். அப்படியே ஏற்றினால் ஆடுகிறவர்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ், பாப் என்று வைத்து 50 படமாக எடுங்கள், ஆட்டத்தின் அசைவு அப்படியே கிடைக்கும். 4:3 படத்தை அகலத்திரைக்காக இழுக்காதீர்கள், தாத்தா பாட்டியெல்லாம் குட்டையாகிப் போவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். கேசட்டில் பூஞ்சை இருந்தால் நல்ல பிளேயரில் போடாதீர்கள், முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எங்கே வைப்பது

பேஸ்புக் நேரலைகளை நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள். 2025 பிப்ரவரி 19 முதல் புதிய லைவ் படங்கள் 30 நாள்தான் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும், அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். யூடியூபில் 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலை தானாகச் சேனலில் தங்கும், ஆனால் அது நேரலைத் தரத்தில்தான் இருக்கும், உங்கள் கையில் உள்ள பதிவுதான் மூலம். அதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் ஒரு குடும்பத்திடமும் கொடுங்கள். கோப்பின் பெயரில் வருடம், மாதம், நாள், தோட்டத்தின் பெயர், பூஜையின் பெயர் எல்லாம் வரட்டும். 'ஃபைனல் 2' என்று வைத்த கோப்பை அடுத்த வருடம் யாராலும் தேடி எடுக்க முடியாது.